மனம் சோர்ந்தவரின் உடம்பையும் பார்க்க வேண்டும்



வன்னியில் ஒரு சொந்தமாவது இல்லாத லயத்தை நமது தோட்டங்களில் காண்பது கஷ்டம். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்தின் பின்னும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களில் நம் ஆட்கள் ஏராளம். இன்றைக்கும் கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், தொண்டமான்நகர் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்தால், நம் பெரட்டுக் களத்தில் நிற்பது போலவே இருக்கும்.

போர் முடிந்து ஐந்து வருஷம் கழித்து, எமது தோட்டத்துக் குடும்பம் ஒன்றுடன் ஒரு கலியாணத்துக்காகக் கிளிநொச்சிப் பக்கம் போயிருந்தோம். அங்கே கண்ட ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும். பேரும் ஊரும் வேண்டாம். 1977-இல் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கைக்குழந்தையோடு வன்னிக்குப் போனவர். 2009-இல் கடைசி மகனை முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்தவர். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அந்த முகாம்களில் ஏறக்குறைய 3 லட்சம் சனம் அடைபட்டிருந்தது. 2012 செப்டம்பரில்தான் அது முழுதாக மூடப்பட்டது.

கலியாண வீட்டில் எல்லோரும் ஓடியாடிக்கொண்டிருக்க, அந்த அம்மா மட்டும் அடுப்படிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமெடுக்கும். முகம் ஊதியிருந்தது. குரல் ஆம்பிளைக் குரல் போலக் கட்டையாகிவிட்டது. கிளிநொச்சி வெயில் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலிலும் மெனிக் பாமில் நிவாரணமாகக் கொடுத்த சுவெட்டர் ஒன்றைப் போட்டிருந்தார்.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டோம்.

"என்னமோ தெரியலங்கய்யா. கையக் காலத் தூக்க முடியல. அழலாம்னு பாத்தாலும் அழுகை வர மாட்டேங்குது" என்றார்.

வீட்டார் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். குரல் ஏன் கட்டியது? மகனுக்காக அழுது அழுது கட்டியது. முடி ஏன் கொட்டியது? யோசனையால். உடம்பு ஏன் ஊதியது? ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால். சுவெட்டர்? அதற்கு ஒரு பகிடி இருந்தது: "மலைநாட்டுக் குளிர் அவங்க உடம்போடயே வந்திருச்சு." கோயிலில் கயிறு கட்டியாகிவிட்டது; ஒரு தடவை கோடாங்கியும் பார்த்தாகிவிட்டது. ஒரு கிளினிக்குக்கும் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே, "அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வடக்கில் வருத்தம் என்றால் நோய். வருத்தக்காரர் என்றால் நோயாளி. நமக்கோ வருத்தம் என்றால் மனக் கவலை. வன்னியில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவருக்கு அந்தச் சொல் தெரியாததல்ல. ஆனாலும் அந்தக் கேள்விக்கு மகனைத் தவிர வேறு பதில் அவரிடம் இருக்கவில்லை. மகனைப் பற்றிச் சொன்னார். கேட்டவரும் இரக்கப்பட்டு, துக்கத்துக்கு என்ன கொடுக்கலாமோ அதைக் கொடுத்தனுப்பினார். குளிர், மலச்சிக்கல், குரல், முடி என்பவற்றை யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

பிறகு நடந்ததை அந்த வீட்டுப் பிள்ளைகள் எமக்கு போனில் சொன்னார்கள். காலில் ஆணி குத்தி ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், காயத்துக்கு மருந்து கட்டிய இளம் டொக்டர், "இந்த வெக்கைக்குள்ளை ஏனம்மா சுவெட்டர்?" என்று கேட்டாராம். கேட்டவர் கண் புருவத்தையும் பார்த்தார். வெளிப்புறப் பாதி உதிர்ந்திருந்தது. குதிக்காலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இரத்தம் எடுத்து அனுப்பினார். வந்த பதில்: தைரொயிட் சுரப்பி ஏறக்குறைய வேலையே செய்யவில்லை.

தைரொயிட் என்பது தொண்டையின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இருக்கும் சுரப்பி. அதிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சாறுதான் உடம்பு எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டுமென்று தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் என்ஜின் மெதுவாக ஓடினால் ரோலர் முதல் சல்லடை வரை எல்லாம் மெதுவாக ஓடும் அல்லவா? அப்படித்தான். சாறு குறைந்தால் இதயம் மெதுவாகத் துடிக்கும், குடல் மெதுவாக வேலை செய்யும், தோல் வரளும், குளிர் தாங்காது, உடம்பு கனக்கும். மூளையும் உடம்பில் ஓர் உறுப்பு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதுவும் மெதுவாகும். ஞாபகம் மங்கும், ஒன்றிலும் பிடிப்பு இருக்காது, நித்திரை நித்திரையாக வரும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது அச்சாக மனச்சோர்வு நோய்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1949-இலேயே இலண்டனில் றிச்சர்ட் ஆஷர் என்ற வைத்தியர், புத்தி பேதலித்தவர்கள் என்று கருதப்பட்ட 14 நோயாளிகளுக்கு உண்மையில் தைரொயிட் குறைபாடு இருந்ததை எழுதி வெளியிட்டார். தைரொயிட் மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலானோர் தேறினார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் குறைபாடு பல மடங்கு அதிகம். பிள்ளை பெற்ற முதல் வருஷத்திலும், வயது போன காலத்திலும் கவனமாக இருக்க வேண்டும்.

உப்பைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. இந்தச் சுரப்பிக்கு அயடின் தேவை. அது குறைந்த இடங்களில் கழுத்தில் கழலை வரும். நம் பாட்டிமார் சிலரின் கழுத்தில் கண்டிருப்பீர்கள். 1995-இல் அரசாங்கம் சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேர்ப்பதைச் சட்டமாக்கிய பிறகு கழலை வெகுவாகக் குறைந்தது. (வன்னி வாசலில் இருக்கும் ஆனையிறவு உப்பளம் 1990-இல் போரால் நின்று, போருக்குப் பின் மறுபடி தொடங்கியது. உறவுக்காரர் உப்பு மூட்டை கொண்டுவந்தால், அதில் அயடின் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.) சிரட்டையில் திறந்தபடி அடுப்புக்கு மேலே உப்பு வைத்தால் அயடின் போய்விடும். மூடியுள்ள போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். ஆனால் இந்த அம்மாவுக்கு வந்தது உப்புக் குறைவால் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவதால் வரும் வகையும் உண்டு. இன்று கூடுதலாகக் காண்பது அதுதான். அதற்கு உப்பு மருந்தாகாது. தைரொக்சின் மாத்திரைதான் மருந்து.

மாத்திரை தொடங்கி நாலைந்து மாதத்தில் சுவெட்டர் கழன்றது. குரல் திரும்பியது. கோழி வளர்க்கத் தொடங்கினார். எமக்கு போனில் அவரே பேசினார்: "இப்பதாங்கய்யா எம்புள்ளைய நெனச்சு அழ முடியுது." மகன் போன துக்கத்தை எந்த மாத்திரையும் எடுத்துவிடவில்லை. துக்கத்தைச் சுமக்க ஓர் உடம்பு அவருக்குத் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

வன்னிச் சனத்தின் மனக்காயத்தைச் சின்னதாக்குவதற்காக நாம் இதை எழுதவில்லை. மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 2009-க்குப் பின் வன்னியைப் பற்றி எழுதியபோது, தனி ஆட்கள் மட்டுமல்ல, குடும்பங்களும் ஊர்களும் சேர்ந்தே காயப்பட்டதாகச் சொன்னார். அது உண்மை. ஆனால் பெரிய துக்கம் ஒன்று கண்முன்னே நிற்கும்போது, அதன் நிழலில் ஒளிந்திருக்கும் சின்ன நோயை யாரும் தேடுவதில்லை. நம் தோட்டங்களில் போர் நடக்கவில்லை என்றாலும், புருஷன் குடி, கடன், கொழும்புக்குப் போன பிள்ளை பணம் அனுப்பவில்லை என்று காரணம் சொல்ல எப்போதும் ஏதாவது இருக்கும்.

'சோம்பேறி' என்று பேர் வாங்கியவர்கள்

இப்போது தோட்டத்துக்கே வருவோம். பெரட்டுக்குப் பிந்தி வருகிறாள், பங்கு இறாத்தல் எடுக்க மாட்டாள், அரைப் பேர்தான் விழுகிறது, வீட்டுக்கு வந்தால் சுருண்டு படுக்கிறாள், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாள். இவளைக் கங்காணி சோம்பேறி என்பார். மாமியார் வேறு பேர் வைப்பார். நாம் அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கச் சொல்கிறோம். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தால், அது இரத்தச்சோகையாக இருக்கலாம்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் தென்பகுதி ஏழைச் சனங்கள் சோம்பேறிகள் என்று பேர் வாங்கியிருந்தார்கள். அவர்கள் குடலில் கொக்கிப்புழு இருந்து இரத்தத்தை உறிஞ்சுவதுதான் காரணம் என்று 1902-இல் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னபோது, பத்திரிகைகள் 'சோம்பேறிக் கிருமி அகப்பட்டது' என்ற தோரணையில் எழுதின. அதே புழு நம் பாட்டன் பூட்டன் உடம்பிலும் இருந்தது. 1916-இல் றொக்பெல்லர் மன்றத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது பாதத் தோலைத் துளைத்து ஏறும் புழு அது. அந்தக் காலத்தில் எத்தனை பேர் அதற்காக ஏச்சும் அடியும் வாங்கினார்களோ, கணக்கில்லை.

இன்று மலசலகூடமும் பூச்சி மருந்தும் வந்து புழு குறைந்துவிட்டது. இரத்தச்சோகை மட்டும் போகவில்லை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. அதற்குக் கீழே போனால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், மனம் ஒன்றிலும் நிற்காது. இதில் நம் ஆட்கள் செய்யும் ஒரு பிழையைச் சொல்லாமல் விட முடியாது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறோம். சோறு சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பைச் சாயம் குடிக்கிறோம். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாது. நாம் பறிக்கிற கொழுந்தே நம் இரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். மாத்திரையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள்.

பிள்ளை பெற்ற பெண் அழுதுகொண்டே இருந்தால், பாலூட்ட மனமில்லாமல் இருந்தால், 'பச்சை உடம்பில் காத்து சேட்டை' என்று முடிவு கட்டாதீர்கள். அவளுக்கு இரத்தம் குறைந்திருக்கலாம், தைரொயிட் குழம்பியிருக்கலாம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருத்துவம் உண்டு. முதலில் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

வன்னி உறவுகளுக்குச் சொல்ல வேண்டியவை

வவுனியாவில் விவசாயம் செய்யும் சொந்தக்காரர்களுக்குச் சிறுநீரக நோயைப் பற்றிச் சொல்லிவையுங்கள். 1990-களில் அனுராதபுரம் பக்கம் அதிகமாகக் கண்டறியப்பட்ட அந்த நோய் வவுனியாக் கிராமங்களிலும் இருக்கிறது. சீனி வியாதியும் பிரஷரும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆரம்பத்தில் வலி கிடையாது. சாப்பாடு வெறுக்கும், களைக்கும், உடம்பு சொறியும், இரவில் நித்திரை வராது. வயலுக்குப் போகாமல் திண்ணையில் படுத்திருப்பவரைப் பார்த்து, "ரொம்ப யோசிக்கிறாரு" என்று வீட்டார் சொல்வார்கள். சலமும் இரத்தமும் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொன்று, செல் விழுந்த காலத்தில் தலையில் அடிபட்டவர்கள். காயம் எப்போதோ ஆறியிருக்கும். சிலருக்கு இரும்புத் துண்டு இன்னும் உள்ளேயே இருக்கும். தலையிடி, மறதி, சட்டென்று கோபம், சத்தம் தாங்காமை, பிறகு ஒரேயடியாக மௌனம். இதை 'ஆளே மாறிட்டான்' என்று மனைவி சொன்னால் அந்தப் பேச்சை வைத்தியர் கேட்க வேண்டும். தலையில் அடிபட்ட சரித்திரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வலிப்பு இருந்தால் அதையும். பல குடும்பங்கள் கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்று இதை ஒளிக்கிறார்கள். எமக்கு அது விளங்குகிறது, ஆனாலும் வைத்தியரிடம் ஒளிப்பதில் பயனில்லை.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், அந்திக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு வற்றுதல் என்றால் காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும். பல மாதம் 'மனசு சரியில்லை' என்று கிடந்து கடைசியில் சளியில் நோய் தெரிந்தவர்கள் உண்டு. மருந்து அரசாங்கத்தில் இலவசம். வழக்கமாக ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல் குடிக்க வேண்டும். சீனி வியாதியும் மனச்சோர்வும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும். பாரிசவாதம் வந்தவர்களில் பலருக்கு, கை கால் மட்டுமல்ல, மனமும் விழுந்துவிடும். மச்சம், முட்டை, பால் ஒன்றும் தொடாத வயதானவர்களுக்கும், மெட்போமின் நெடுங்காலம் குடிப்பவர்களுக்கும் விற்றமின் பி 12 குறையலாம். காலில் ஊசி குத்துவது போல் இருக்கும், நாக்கு வழுவழுப்பாகும், ஞாபகம் குறையும்.

குடிக்கிற மருந்தும் சில வேளை மனதைப் போட்டு அமுக்கும். முட்டுக்குக் கொடுக்கும் பிரட்னிசலோன், பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் சிலருக்கு அப்படிச் செய்யக்கூடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரட்னிசலோனைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கிளினிக்கில் கேளுங்கள். கசிப்பும் சாராயமும் சோகத்தை ஆற்றும் என்பது பொய். அவை மனச்சோர்வை உண்டாக்கும் சாமான்கள். குடிப்பதைக் கொஞ்ச வாரம் விட்டுப் பார்க்காமல் எது நோய், எது குடி என்று வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, மனச்சோர்வு என்றாலே உள்ளுக்குள் வேறு நோய் என்று எண்ணிவிடாதீர்கள். இரத்தம், சலம் எல்லாம் சோதித்து ஒன்றும் இல்லை என்று வருபவர்கள் நிறையப் பேர். 'அப்ப உனக்கு ஒன்னுமில்ல, நடிக்கிற' என்று சொல்லும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அது தப்பு. மனச்சோர்வு தன்னளவிலேயே ஒரு நோய். கிளிநொச்சி, வவுனியா ஆஸ்பத்திரிகளிலும் நம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அதற்கு மருத்துவம் இருக்கிறது. உடம்பு நோய் கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் மனதுக்கான மருந்தும் பேச்சும் சேர்த்துத் தேவைப்படலாம்.

யாராவது சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் இரத்தச் சோதனைக்கு நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். மருந்தடிக்கும் சாமான், பூச்சி மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் வீட்டை விட்டு அகற்றுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வைத்தியரிடம் போகும்போது என்ன சொல்வது? அங்கே கிடைப்பது சில நிமிஷம்தான். பின்னால் வரிசை நிற்கும். ஆகவே பிள்ளைகளிடம் சொல்லி முதல்நாளே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வையுங்கள். எப்போது தொடங்கியது, உடம்பு மெலிந்ததா கனத்ததா, குளிர் தாங்குமா வெயில் தாங்குமா, மலம் எப்படி, மாதப் போக்கு அதிகமா, காய்ச்சல் உண்டா, எப்போதாவது தலையில் அடிபட்டதா, என்னென்ன மாத்திரை குடிக்கிறார். மாத்திரைக் கவர்களை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மகன் போனதை, புருஷன் போனதைச் சொல்லுங்கள்; அதுவும் வைத்தியருக்குத் தெரிய வேண்டியதே. அதைச் சொல்லி முடித்த பிறகு இந்தக் கடதாசியையும் நீட்டுங்கள்.

அந்த அம்மா இன்றும் மாத்திரை குடிக்கிறார். ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இடைக்கிடை இரத்தம் சோதித்து அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அவருக்கு அதுதான் பெரிய கஷ்டமாம். கோழிக்கு அரிசி போட்டு, வாசல் கூட்டி, பேத்திக்குத் தலை பின்னி முடித்த பிறகுதான் தேத்தண்ணிக் கேத்தல் பக்கம் போகிறார்.